பசுமைக் கட்சியும் எங்கள் கிணறுகளும்

வணக்கம் அண்ணா,

நான் பிறந்தது யாழ்ப்பாணத்து மல்லாகத்தில். மெல்பேர்ணுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இங்கே இவ்வளவு காலமும் கிறீன்ஸ் என்ற பசுமைக் கட்சிக்குத்தான் வாக்களித்தேன். நிலக்கரி, காடழிப்பு என்று அவர்கள் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும்போது பெருமையாக இருக்கும். ஆனால் சில வருடங்களாக வீட்டு வாடகை, அகதிகள், காஸா என்று எல்லாவற்றிலும் தலையிட்டார்கள். 2025 தேர்தலில் கீழ்ச்சபையில் இருந்த நான்கு இடங்களில் மூன்று போய்விட்டன. தலைவர் அடம் பாண்டும் தோற்றார். மரம், தண்ணீர், காற்று என்று நின்றிருந்தால் இந்த நிலை வந்திராது. யாழ்ப்பாணத்திலும் ஒரு பசுமைக் கட்சி வேண்டும் என்று நண்பர்கள் சிலர் பேசிக்கொள்கிறோம். சாதி, காணி, அரசியல் தீர்வு எதற்குள்ளும் போகாமல், சூழலுக்காக மட்டும் ஒரு கட்சி. அதற்கு அங்கே வாக்கு விழுமா?

ச., மெல்பேர்ண்

அன்புள்ள தம்பி,

வாக்கு விழுமா என்பதைப் பிறகு பார்ப்போம். 2025 தோல்விக்கு வாடகைப் பேச்சு காரணமா, தொகுதி எல்லையை மாற்றியது காரணமா என்பதை அங்கே இருக்கிற நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதே தேர்தலில் மேல்சபையான செனற்றில் போட்டிக்கு வந்த தங்கள் ஆறு இடங்களையும் அவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

என்னைச் சுட்டது வேறு வரி. அகதிகள் விஷயத்தில் "தலையிட்டார்கள்" என்று மல்லாகத்தில் பிறந்த ஒருவர் எழுதலாமா? 2001 ஆகஸ்டில் கடலில் மீட்கப்பட்ட 433 பேரோடு வந்த தம்பா கப்பலை அவுஸ்திரேலிய அரசு கரைக்கு விடாமல் மறித்தது. பிரதான எதிர்க்கட்சியான தொழிற்கட்சி கடைசியில் அரசின் சட்டங்களுக்குக் கை தூக்கியது. கிறீன்ஸ் செனற்றர் பொப் பிறவுணும் அவருடைய கட்சியும் எதிர்த்து நின்றார்கள். அந்த வருடத் தேர்தலில் அவர்களுடைய வாக்கு கூடியது, குறையவில்லை. பிறகு வள்ளத்தில் வந்த எங்கள் பிள்ளைகளுக்காகவும் அந்த நாடாளுமன்றத்தில் பேசியவர்கள் அவர்கள்தான். படகேறி வந்த சனத்தை மறந்து மரத்தை மட்டும் பேசு என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்வது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

சூழல் ஒரு பக்கம், சமூகம் ஒரு பக்கம் என்று பெரும்பாலான பசுமைக் கட்சிகள் பிரித்து வைத்ததில்லை. ஜேர்மன் பசுமைக் கட்சி 1980-ல் தொடங்கியபோதே சூழல், சமூகநீதி, அடிமட்ட ஜனநாயகம், வன்முறையின்மை என்ற நான்கையும் ஒன்றாகத்தான் அறிவித்தது. 1983-ல் அவர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் இந்த நான்கோடும்தான்.

சரி, ஊருக்கு வருவோம். உங்கள் மல்லாகத்துக்குப் பக்கத்தில்தான் சுன்னாகம். அங்கே மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணறு கிணறாக ஒயில் மணந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாளியைத் தூக்கினால் தண்ணிக்கு மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் நிற்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கும்படி 2019-ல் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனது ஒரு சூழல் அமைப்பு. எங்கள் பெரிய கட்சி எதுவும் அல்ல.

அந்த நாட்களில் பவுசரில் தண்ணி வந்தது. எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கறுப்புத் தாங்கி தந்தார்கள். அதை எங்கே வைப்பது? பாதுகாப்பு என்று சொல்லி ஒரு பெரிய வீட்டுப் படலைக்கு உள்ளே வைத்தார்கள். ஒழுங்கையின் கடைசியில் இருக்கிற குடும்பங்கள் அந்தப் படலையைத் தாண்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்கள் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பிரதான வீதிவரை போய் வந்தார்கள். தாங்கியில் தண்ணி இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. உங்களுடைய சூழலுக்கு மட்டுமான கட்சி அந்த ஒழுங்கைக்கு வந்திருந்தால், தண்ணியைப் பரிசோதித்து நல்லது என்று அறிக்கை எழுதிவிட்டுத் திரும்பியிருக்கும்.

அம்மம்மா வீட்டுக் கிணறு ஊரிலேயே நல்ல தண்ணிக் கிணறு என்று பெயர் எடுத்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்ட வேலைக்கு வரும் ஒரு பெண் பின்னேரத்தில் குடத்தோடு வந்து வேலியோரம் நிற்பார். கிணற்றுக்கட்டில் கால் வைக்கமாட்டார். வீட்டில் யாராவது வந்து அள்ளி, வாளி குடத்தில் முட்டாத உயரத்தில் பிடித்து ஊற்றவேண்டும். அரைவாசி மண்ணில்தான் விழும். மற்றக் கையால் அவர் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். வீட்டில் எல்லோரும் வேலையாக இருந்தால், இருட்டும் வரைக்கும் நிற்பார்.

கீழே இருக்கிற தண்ணிக்கு வேலி இல்லை, தம்பி. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. மழைத்தண்ணி சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். ஒரு தோட்டத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் அயல் கிணறும் உவர்க்கும். ஒருவர் வெங்காயத்துக்குக் கொட்டும் யூரியா இன்னொருவரின் குடிதண்ணிக்கு வரும். எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்ற இரசாயனம், உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கக்கூடாத தண்ணி அது.

காரணம் பசளை மட்டும் அல்ல, மலசலகூடக் குழியும்தான். இரண்டு பரப்பு அளவே உள்ள சின்னக் காணியில் வீடும் கிணறும் குழியும் வரவேண்டும் என்றால் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டலாம்? "குழியைத் தூர வெட்டுங்கள்" என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போவார். தூரத்துக்குக் காணி வேண்டுமே! அந்தக் குடும்பத்துக்கு ஏன் இரண்டு பரப்புத்தான் இருக்கிறது, பக்கத்தில் பத்துப் பரப்பு வளவு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்காமல் நைத்திரேற்றைக் குறைக்க முடியாது. அந்தப் பூட்டுகளின் திறப்புகள் பல மெல்பேர்ணிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன. காணிக்குள் போகாத பசுமைக் கட்சி கிணற்றுக்குள்ளும் போகமுடியாது.

வன்னியைப் பாருங்கள். சனம் இடம்பெயர்ந்து போன வயலில் பற்றை வளர்ந்தது. திரும்பி வந்தபோது வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றது. எதற்குள்ளும் போகாத கட்சி அங்கே எந்தப் பக்கம் நிற்கும்? கல்லின் பக்கம்தான்.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வட மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. தமிழ்த் தேசியப் பசுமை இயக்கம் என்று ஓர் அமைப்பும் இருக்கிறது. மன்னாரில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025-ல் சனம் வீதிக்கு இறங்கியபோது ஜனாதிபதியே வேலையைச் சில காலம் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. வீதியில் நின்றவர்கள் கடலையும் காணியையும் பிரித்துப் பேசவில்லை.

வாக்கு விழுமா என்று கேட்டீர்கள். முதல் தேர்தலில் கட்டுப்பணம்கூடத் திரும்பாமல் போகலாம். அதற்காக நிறுத்தவேண்டாம், பிரதேச சபையில் தொடங்குங்கள். உங்கள் மீது எனக்குக் கோபம் இருந்தாலும், ஊரை நினைத்து இவ்வளவு தூரத்திலிருந்து எழுதுகிற மனதை நான் லேசாக எடுக்கவில்லை. கட்சிக்குப் பெயரும் சின்னமும் பிறகு தேடலாம். முதலில் உங்கள் நண்பர்கள் ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, தங்கள் ஒழுங்கையில் கிணறு இல்லாத வீடுகள் எவை, அவர்கள் எங்கே அள்ளுகிறார்கள், யாருடைய படலைக்குள் போகமுடியாமல் இருக்கிறார்கள் என்று விசாரிக்கட்டும். கிடைத்ததை அப்படியே எனக்கு எழுதுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே போடுகிறேன்.