வாசகர் கேள்வி பதில்: ரெசிடென்சிக்குப் பரிந்துரைக் கடிதம்

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் பணியாற்றியபடியே பெறும் மேற்பயிற்சிக்கு, விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். பரிந்துரைக் கடிதம் கேட்டபோது எங்கள் துறைத் தலைவர், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். விரைவில் அங்கே ஒரு மாத அப்சர்வர்ஷிப்பும் (மருத்துவரின் பணியை உடனிருந்து பார்க்கும் பயிற்சி) செய்யவிருக்கிறேன். யாரிடம், எப்படிக் கடிதம் கேட்பது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கடிதத்தைக் கையில் வாங்கி நீங்களே அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் ஈராஸ் (ERAS) என்ற இணையதளத்தில், கடிதம் எழுதுபவரின் விவரங்களைப் பதிந்து உறுதி செய்தவுடன், தனி எண் கொண்ட கோரிக்கைப் படிவம் ஒன்று கிடைக்கும். அதை அவருக்கு அனுப்பினால், அவரோ அவர் பொறுப்பளிக்கும் அலுவலரோ கடிதத்தை நேரடியாகத் தளத்தில் ஏற்றுவார். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்றும் தளம் கேட்கும். விட்டுக்கொடுப்பதே நல்லது, ஏனெனில் மாணவர் பார்க்கக்கூடிய கடிதத்தில் மனந்திறந்த மதிப்பீடு இருக்காது என்றே தேர்வுக் குழுவினர் கருதுவார்கள்.

இந்த நிலையில் நீங்களே எழுதி, துறைத் தலைவர் கையெழுத்திடும் கடிதம் அந்த ஏற்பாட்டையே பொய்யாக்கிவிடும். அவரை மறுத்துப் பேசுவது சங்கடம்தான். அதற்குப் பதிலாக உங்கள் தன்விவரக் குறிப்பையும், அவருடைய யூனிட்டில் நீங்கள் பார்த்த முக்கியமான நோயாளிகளைப் பற்றிப் பெயர் குறிப்பிடாத ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்து, "இவற்றைப் பார்த்துத் தாங்கள் எழுதினால் நன்றாயிருக்கும், சார்" என்று கேளுங்கள். அவருக்கு நேரமில்லையென்றால், உங்களோடு தினமும் ரவுண்ட்ஸ் வந்த இணைப் பேராசிரியரிடம் கேட்பதே மேல். பதவி பெரியதாக இருந்து, உள்ளே "கடின உழைப்பாளி, நேரந்தவறாதவர், நல்லொழுக்கம் உடையவர்" என்று மட்டும் இருந்தால், அது பள்ளி நடத்தைச் சான்றிதழைப் போலத்தான் படும். மூச்சுத்திணறலோடு வந்த முதியவருக்கு இதயச் செயலிழப்பு என்று எல்லோரும் முடிவு செய்திருந்த வேளையில், கால் வீக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதைக் கவனித்து, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி இருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள் என்பது போன்ற ஒரு வரிக்கு இருக்கும் எடை பத்துப் பாராட்டுச் சொற்களுக்கு இல்லை. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வில் 2022 ஜனவரி முதல் மதிப்பெண் வழங்கப்படாமல் தேர்ச்சி, தோல்வி மட்டுமே அறிவிக்கப்படுவதால், விண்ணப்பத்தின் மற்ற பகுதிகள் முன்னைவிடக் கூர்ந்து பார்க்கப்படுகின்றன.

ஒரு பயிற்சித் திட்டத்துக்கு 4 கடிதங்கள் வரைதான் அனுப்பலாம். அவற்றுள் அமெரிக்க மருத்துவமனையில் உங்களை நேரில் கண்டவர்களின் கடிதங்கள் இருப்பது பெரும் பலம். அவர்களும் இன்டர்னல் மெடிசின் துறையினராக இருப்பது நல்லது. அப்சர்வர்ஷிப்பில் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்க இடமில்லையாதலால், உங்களை மதிப்பிட அந்த மருத்துவருக்குக் கிடைப்பது உங்கள் பேச்சும் கேள்விகளும்தாம். ஆகவே, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்காமல், முதல் வாரத்திலேயே நோயாளி விவரத்தை எடுத்துரைக்க வாய்ப்புக் கேளுங்கள். கடைசி வாரத்தில், ஊர் திரும்புமுன், "எனக்கு வலுவான பரிந்துரை எழுத இயலுமா?" என்று, 'வலுவான' என்ற சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லி விலகுங்கள். அரைமனதுக் கடிதத்தால் கெடுதலே அதிகம்.

விண்ணப்பங்களை அனுப்புவது செப்டம்பரில் தொடங்குகிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் கடிதங்கள் தளத்தில் ஏறிவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒருமுறை பணிவாக நினைவூட்டினால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

கேள்வி: என் தாய்மாமா அமெரிக்காவில் இதயநோய் மருத்துவர். அவரிடமே கடிதம் வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். உறவினர் எழுதிய கடிதத்தை எவரும் மதிக்க மாட்டார்கள். உறவை மறைத்தால் அது நேர்மைக் குறைவாகவே கொள்ளப்படும். தமக்குத் தெரிந்த வேறொரு மருத்துவரின் கீழ் உங்களுக்கு அப்சர்வர்ஷிப் கிடைக்குமா என்று அவர் விசாரித்துச் சொன்னாலே பேருதவி.