அப்பாவின் முதல் திதிக்குள் அவருடைய குரலையும் படங்களையும் எப்படிப் பத்திரப்படுத்துவது?

கேள்வி: கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) இருக்கிறோம். அப்பா தவறிப் பத்து மாதம் ஆகிறது. முதல் வருஷத் திதி நெருங்குகிறது. படம் மாட்டி மாலை போடுவதோடு நிறுத்தாமல், பேரப்பிள்ளைகள் வளர்ந்த பிறகும் தாத்தா எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளும்படி ஏதாவது செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: குரலில் இருந்து தொடங்குங்கள். படம் நாலு வீட்டில் இருக்கும், கல்யாண ஆல்பத்தில் இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று கிடைக்கும். குரல் பெரும்பாலும் ஒரே ஒரு போனில்தான் இருக்கும். அந்தப் போனைத்தான் "சும்மா தானே கிடக்கிறது" என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள், அல்லது எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுவார்கள். அதனால் இன்றைக்கே அப்பாவின் போனைத் தனியாக எடுத்து வையுங்கள். ரீசெட் செய்ய வேண்டாம். வாட்ஸ்அப்பை நீக்கவும் வேண்டாம். லாக் தெரியாவிட்டால் மனம்போன எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். தவறான முயற்சி கூடக் கூடக் காத்திருக்கும் நேரமும் கூடும், சில போன்களில் எல்லாமே அழிந்துபோகும்படி அமைப்பு இருக்கும். பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள், கேம் விளையாடத் தாத்தா போனைத் திறந்தவர்களுக்கு அந்த எண் தெரிந்திருக்கும்.

சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் ப்ரீபெய்டு எண்ணை நிறுத்திவிடலாம், பிறகு அந்த எண் யாரோ ஒருவருக்குப் போய்விடும். இறப்புச் சான்றிதழையும் வாரிசின் அடையாள அட்டையையும் கொடுத்து எண்ணை வீட்டில் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் இணையத் தொடர்பே இல்லாமல் கிடந்தால் நீக்கப்பட்டுவிடும். பத்து மாதம் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், போனுக்குள் ஏற்கெனவே இறங்கிய கோப்புகள் அங்கேயேதான் இருக்கும். கூகுள் கணக்குக்கு 2 ஆண்டு கெடு. அதற்குள் ஒருமுறை உள்ளே போய் கூகுள் போட்டோஸில் இருப்பதை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் ஃபைல் மேனேஜரைத் திறந்து ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று வரிசையாக உள்ளே போனால் "வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்" என்று ஒரு ஃபோல்டர் வரும். அதற்குள் வாரத்துக்கு ஒரு ஃபோல்டர். கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும், வகை ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு. ஃபோல்டரை அப்படியே கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றுங்கள். அதே மீடியா ஃபோல்டரில் வீடியோக்களும் இருக்கும், அவற்றையும் எடுங்கள். பழைய கால் ரெக்கார்டிங் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்பா அனுப்பிய குரல் உங்கள் போனிலும், அம்மா, அத்தை, சித்தப்பா போன்களிலும் இருக்கும். அதை வாங்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். வாய்ஸ் நோட்டை ஃபார்வர்டு செய்தால் யார், என்றைக்கு அனுப்பியது என்ற விவரம் போய்விடும். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். இரண்டையுமே "டாக்குமென்ட்" என்று தேர்வு செய்து அனுப்பச் சொல்லுங்கள். வந்தவுடன் பெயரை மாற்றி வையுங்கள்: "2022-08 அப்பா, அத்தையிடம் மீன் வாங்கச் சொன்னது" என்பதுபோல. "மார்க்கெட்ல சங்கரா நல்லா வந்திருக்கு, வாங்கி வைக்கவா" என்று பேசிய பதினைந்து நொடி, மேடையில் பேசிய அரை மணி நேரத்தைவிட அவரை அதிகம் காட்டும். வீட்டு விசேஷ வீடியோக்களில் படத்தில் இல்லாமல் பின்னாலிருந்து அதட்டும் குரல் அவருடையதாக இருக்கலாம். அதையும் விடாதீர்கள்.

அடுத்தது படங்கள். அஞ்சலட்டை அளவுப் பழைய படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் போதும். பள்ளி, மில், சங்கக் குரூப் போட்டோவில் முகம் மிளகு அளவு இருந்தால் 1200 வையுங்கள். நெகட்டிவ் இருந்தால் 2400க்குக் குறையக் கூடாது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள், ஈரம் பட்டு ஒட்டிய இடத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். 80, 90களின் ஒட்டும் பக்க ஆல்பம் என்றால், பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மெல்ல இழுத்துக் கழற்றலாம். லேமினேஷன் வேண்டாம், போட்டால் திரும்ப எடுக்க முடியாது. விவரம் எழுதுவது என்றால் படத்தின் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், ஜெல் மை அடுத்த படத்தில் ஒட்டும்.

திதிக்குப் பெரிய படம் போடுவீர்கள். 12க்கு 18 அங்குலம் தெளிவாக வர நீளவாக்கில் குறைந்தது 3600 பிக்சல் வேண்டும், 5400 இருந்தால் அருமை. வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் 1600 பிக்சலில் நின்றுவிடும். அதை இழுத்துப் பெரிதாக்கும்போதுதான் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரே முகத்தை "சரிசெய்து" கொடுக்கும். மச்சம் காணாமல் போகும், பல்வரிசை நேராகும், நெற்றிச் சுருக்கம் வழவழவென்று ஆகும். அது அப்பா இல்லை. மச்சம், தழும்பு, நரை எதையும் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். பிரிண்ட் போடும் முன் அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள், "இவரில்லையே" என்று அம்மா சொன்னால் வேறு படம் தேடுங்கள். கோட்டு சூட்டு ஒட்டித் தருகிறேன் என்பார்கள். அவர் அன்றாடம் போட்ட சட்டையே இருக்கட்டும்.

ஃபிரேம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர ஊரில் படங்கள் கெடுவது பெரும்பாலும் நம் கையால்தான். ஈர மல்லிகைச் சரத்தை ஃபிரேமின் மேலேயே போடுகிறோம், தண்ணீர் மேல்விளிம்பு வழியாக உள்ளே இறங்குகிறது. கண்ணாடியில் வைத்த சந்தனம் வழிந்து கீழ்விளிம்பில் தேங்குகிறது. கொஞ்ச காலத்தில் படத்தின் அடியில் பழுப்புக் கறை, அதற்கு மேல் பூஞ்சை. ஈரம் கண்ட காகிதத்தை ராமபாணப் பூச்சி அரிக்கும். மாலைக்கென்று ஃபிரேமுக்கு மேலே இரண்டு பக்கமும் தனி ஆணி அடியுங்கள், சரம் கண்ணாடிக்கு முன்னால் தொங்கட்டும், ஃபிரேமைத் தொட வேண்டாம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துச் சின்னப் பொட்டாக வையுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் கெட்டி அட்டை) வைக்கச் சொல்லுங்கள், பின்பக்கம் முழுவதும் டேப் போட்டு மூடச் சொல்லுங்கள். மழையடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், விளக்குப் புகைக்கு நேர் மேலேயும் வேண்டாம். முக்கியமாக, சுவரில் மாட்டுவது எப்போதும் நகலாக இருக்கட்டும், அசல் பீரோவில் இருக்கட்டும்.

திதி நாளை இப்போதே உறுதி செய்யுங்கள். ஆங்கிலத் தேதியில் வராது, முன்னே பின்னே தள்ளிப்போகும். இறந்த நேரம் தெரிய வேண்டும். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது, எனவே நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்திருந்தால் முந்தைய கிழமைதான் கணக்கு. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டுங்கள். பாம்புப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி நேரத்தில் சில மணி வித்தியாசம் வரும். வீட்டில் எதைப் பார்க்கிறீர்களோ அதையே எல்லா வருஷமும் பாருங்கள், இல்லாவிட்டால் அண்ணன் ஒரு நாளும் தம்பி ஒரு நாளும் கும்பிடும்படி ஆகும். ஒரே தமிழ் மாதத்தில் அதே திதி இரண்டு தடவை வந்தால் பொதுவாகப் பிந்தையதை எடுப்பார்கள், ஐயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும், வில்லியனூரை அடுத்த திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையிலும் தர்ப்பணம் கொடுக்க ஐயர்கள் இருப்பார்கள். உங்கள் திதி சாதாரண நாளில் வந்தால் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

திதியன்று சொந்தபந்தம் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். இந்த வாய்ப்பு அடுத்த வருஷம் இதே அளவில் வராது. படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட உட்காரும் நேரம்தான் சரியான நேரம். அடையாளம் தெரியாத பழைய படங்களை 20, 30 பிரிண்ட் போட்டுப் பாயில் பரப்பிவிடுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுகிறவருக்கு ஒரு முழ தூரத்தில் துணி மடிப்பின் மேல் வைத்து ரெக்கார்டு செய்யுங்கள். தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்தினால்தான் பேச்சு தெளிவாக விழும். "அண்ணனைப் பத்தி ஏதாவது சொல்லுங்க அத்தை" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று சொல்லி அழுதுவிடுவார்கள், அதோடு முடிந்தது. "இந்தப் படத்துல பக்கத்துல நிக்கிறது யாரு? இந்த சைக்கிள் யாரோடது? அப்பா முதல் சம்பளம் எங்க வாங்கினாரு?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். அழுதால் நிறுத்துங்கள், இன்னொரு நாள் கேட்கலாம்.

வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. நம் ஊரில் அதற்கு வேறு கணக்கு உண்டு: சுனாமிக்கு (26 டிசம்பர் 2004) முன்னாலா பின்னாலா, தானே புயலில் (30 டிசம்பர் 2011) இந்தக் கூரை இருந்ததா, 2015 வெள்ளத்தின்போது பெரியவனுக்கு எத்தனை வயது. புதுச்சேரிப் பக்கத்து உறவில் மிக வயதானவர்கள் இருந்தால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்த 1954ஐ வைத்துக் கேட்கலாம். இப்படிக் கேட்டால் இரண்டு மூன்று வருஷ வித்தியாசத்துக்குள் பிடித்துவிடலாம்.

அப்பாவின் கையெழுத்து உள்ள கணக்கு நோட்டு, சீட்டுப் புத்தகம், மில் அல்லது கம்பெனி அடையாள அட்டை, ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். கடை பில் போன்ற வழவழக் காகிதத்தில் எழுத்து தானாகவே மறையும், அதை முதலில் எடுங்கள். ஒரு சட்டையைத் துவைக்காமல் வைத்துக்கொள்ள அம்மா விரும்பினால், காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு வையுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டாம், இரண்டே வாரத்தில் அதன் வாசனைதான் மிஞ்சும்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மூன்று நகல். ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று ஹார்ட் டிஸ்கில், மூன்றாவது கடலூருக்கு வெளியே, சேலத்திலோ கோவையிலோ இருக்கும் உறவினர் வீட்டில். புயலும் வெள்ளமும் ஒரு தெருவையே நனைத்துவிடும் ஊர் இது, அடுத்த தெருவில் வைத்தால் பயனில்லை. பென் டிரைவை நம்ப வேண்டாம். அசல் படங்களையும் காகிதங்களையும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடியுள்ள டப்பாவில், பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பரணில் வைத்தால் வெயில் காலத்தில் வேகும், மழைக் காலத்தில் ஒழுகும். வருஷா வருஷம் திதி முடிந்ததும் டிஸ்கைச் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள், ஐந்து வருஷம் ஆனதும் புது டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.