மின்தடை இயல்புக்கு வந்த பின்னும் ஓயாத நெர்ன்ஸ்ட் சிக்னல்

கேள்வி: ஒழுங்கற்ற அணுவமைப்புள்ள மீகடத்தி மென்படலம் ஒன்றில் நெர்ன்ஸ்ட் விளைவை (வெப்பநிலை வேறுபாடும் காந்தப்புலமும் இருக்கும்போது இரண்டுக்கும் குறுக்காக மின்னழுத்தம் தோன்றுவது) அளக்கிறேன். மீகடத்தல் மறையும் மாறுநிலை வெப்பநிலையைத் தாண்டியதும் மின்தடை இயல்புக்கு வந்துவிட்டது. ஆனால் நெர்ன்ஸ்ட் மின்னழுத்தம் சுழியாகவில்லை. அளவீட்டில் பிழையா?

பதில்: பிழையாகவும் இருக்கலாம். ஆனால் தரவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மாறுநிலைக்கு மேலேயும், மீகடத்தலைத் தரும் எலக்ட்ரான் ஜோடிகளான கூப்பர் இணைகள் தோன்றித் தோன்றி மறைகின்றன. மின்தடையில் அவற்றின் பங்கு சாதாரண எலக்ட்ரான்களின் கூட்டத்தில் அமுங்கிவிடும். நெர்ன்ஸ்ட் விளைவில் கதை வேறு. ஒழுங்கற்ற படலத்தில் எலக்ட்ரான்களின் நகர்திறன் மிகக் குறைவு, அதனால் அவை தரும் நெர்ன்ஸ்ட் மின்னழுத்தமும் மிகச் சிறியது. இணைகளின் பங்கு தனித்துத் தெரிகிறது. 2006இல் பெஹ்னியாவும் சக ஆய்வாளர்களும் நையோபியம்-சிலிக்கான் படலத்தில் மாறுநிலை வெப்பநிலையின் 30 மடங்கு வரை இதைக் கண்டார்கள்.

சரி, உங்கள் சிக்னல் அதுதானா? முதலில் காந்தப்புலத்தைத் திருப்பிப் போட்டு அளங்கள். மின்முனைகள் நேருக்கு நேர் அமையாமல் சற்று விலகியிருந்தாலே, வெப்பநிலை வேறுபாட்டின் திசையிலேயே தோன்றும் சீபெக் மின்னழுத்தம் கலந்துவிடும். புலத்தைத் திருப்பினால் அது குறி மாறாது, நெர்ன்ஸ்ட் மாறும். இரண்டு அளவீடுகளையும் கழித்துப் பாதியாக்கினால் நெர்ன்ஸ்ட் மட்டும் மிஞ்சும். வெப்பமானிகளைப் புலத்திலேயே வைத்து அளவுதிருத்தம் செய்தீர்களா என்றும் பாருங்கள்.

அப்புறம் நான் பெரிதும் நம்பும் சோதனை: ஒவ்வொரு வெப்பநிலையிலும் புலத்தைக் கூட்டிக்கொண்டே போய், சிக்னல் எந்தப் புலத்தில் உச்சம் தொடுகிறது என்று குறியுங்கள். மாறுநிலைக்குக் கீழே சுழல்கள் (புலம் படலத்தை ஊடுருவும் இடங்களைச் சுற்றி ஓடும் மின்னோட்டச் சுழிகள்) நகர்வதால் வரும் உச்சம், வெப்பநிலை ஏற ஏறக் குறைந்த புலத்துக்கு இறங்கும். மாறுநிலைக்கு மேலே போனதும் திசை மாறி, உயர்ந்த புலத்துக்கு ஏறும். காரணம் ஒத்திசைவு நீளம், அதாவது இணைகளின் ஒழுங்கு எவ்வளவு தூரம் நீள்கிறது என்ற அளவு. வெப்பநிலை கூடினால் அந்த நீளம் சுருங்குகிறது. உச்சம் வரும் புலம் தோராயமாக, காந்தப்பாயக் குவாண்டத்தை (மீகடத்தியில் காந்தப்பாயத்தின் மிகச் சிறிய அலகு) அந்த நீளத்தின் வர்க்கத்தாலும் இருமடங்கு பையாலும் வகுத்த மதிப்பு. நீளம் 20 நானோமீட்டர் என்றால் சுமார் 0.8 டெஸ்லா. வெறும் மின்முனைக் கோளாறு இப்படி இறங்கி ஏறாது.

அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, நெர்ன்ஸ்ட் குணகத்தை (அலகு வெப்பச்சரிவுக்கும் அலகு புலத்துக்கும் வரும் குறுக்கு மின்புலம்) சதுர மின்தடையால், அதாவது படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடையால், வகுங்கள் (புலத்தில் மின்னோட்டமும் மின்புலமும் விலகும் ஹால் கோணம் சிறிதாக இருந்தால் போதும்). உஸ்ஸிஷ்கின், சோந்தி, ஹியூஸ் மூவரும் 2002இல் தந்த கணக்குப்படி, மாறுநிலைக்கு அருகில், குறைந்த புலத்தில், இருபரிமாணப் படலத்துக்கு அந்த மதிப்பு ஒத்திசைவு நீளத்தின் வர்க்கத்தை மட்டுமே சார்ந்தது.

செம்பு ஆக்சைடு மீகடத்திகளான குப்ரேட்டுகளுக்கு மாறினால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பட்டை ஒழுங்கும் (எலக்ட்ரான்கள் கோடு கோடாக அடுக்கப்படுவது) நெர்ன்ஸ்ட் சிக்னலை உயர்த்தும் என்று 2009இல் காட்டியிருக்கிறார்கள்.