சமூக அறிவியலுக்கு 6,000 ரூபாய் நோட்ஸ் வாங்கலாமா?

கேள்வி: கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் 9ஆம் வகுப்பு. மற்ற பாடங்கள் பரவாயில்லை, சமூக அறிவியலில்தான் தடுமாறுகிறாள். தென்மேற்குப் பருவக்காற்றையும் வடகிழக்கையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். வரலாற்றில் ஆண்டுகள் மனதில் நிற்பதில்லை. எங்கள் லைன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரும் ஒருவர், 9, 10 இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ‘கட்டாயம் வரும் கேள்விகள்’ நோட்ஸ் செட் 6,000 ரூபாய் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள்.

9ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே கிடையாது. 10ஆம் வகுப்புத் தேர்வுத்தாளில் என்ன வரும் என்பது வீடு வீடாக வருகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. அவர் கையில் இருப்பது பழைய வினாத்தாள்களும், பாடநூலின் பின்பக்கக் கேள்விகளும், அதற்கு யாரோ எழுதிய அரைகுறைப் பதில்களும்தான். அதிலும் இன்னொரு ஆபத்து உண்டு. 9ஆம் வகுப்புப் பாடநூல் 2018இலும் 10ஆம் வகுப்புப் பாடநூல் 2019இலும் அடியோடு மாறின. அதற்கு முந்தைய நோட்ஸுக்குப் புது அட்டை போட்டு விற்கிறவர்களை மலையிலும் சமவெளியிலும் நான் பார்த்திருக்கிறேன். தென்னிந்தியாவின் உயரமான சிகரம் தொட்டபெட்டா என்று அச்சடித்த கைடுகளையும் பார்த்திருக்கிறேன். தொட்டபெட்டா 2,637 மீட்டர், தமிழ்நாட்டில் அதுதான் உயரம். தென்னிந்தியா என்று கேட்டால் பதில் கேரளத்தில் இருக்கும் ஆனைமுடி, 2,695 மீட்டர். காசு கொடுத்துத் தப்பான விடையை மனப்பாடம் செய்வதைவிடச் சும்மா இருப்பது மேல்.

பாடநூல் அரசுப் பள்ளியில் இலவசம். தொலைந்துபோனாலும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் முழுப் புத்தகமும் காசில்லாமல் கிடைக்கிறது. அதற்கு மேல் தேவைப்படுவது ஒரு தமிழ் அட்லஸும் சில அவுட்லைன் மேப்புகளும் மட்டும்.

சரி, பருவக்காற்றுக்கு வருவோம். காற்றுக்கு அது கிளம்பி வரும் திசையின் பெயர்தான். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மகளை வாசலில் நிற்கவைத்து, அரபிக்கடல் எந்தப் பக்கம், வங்கக்கடல் எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வருவது தென்மேற்கு. அதற்குக் குறுக்கே மலை நிற்கிறது. காற்று மலைமேல் ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தைத் தாங்க முடியாமல் கொட்டிவிடுகிறது. பாடநூலில் மலைத் தடுப்பு மழை என்று இருப்பது இதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் பக்கமிருந்து வருவது வடகிழக்கு.

உங்கள் மகள் மாற்றி எழுதுவதற்கு அவள் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். ‘தமிழ்நாட்டுக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது சரி. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அதில்தான் கிடைக்கிறது. ஆனால் கூடலூர்ப் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது வேறு. கூடலூர், தேவாலா, பந்தலூர் எல்லாம் மலையின் மேற்குப் பக்கம். அங்கே ஜூலையில்தான் விடாமல் ஊற்றும். 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குத் தென்மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததும் தென்மேற்கு மழைதான். அதே மாவட்டத்தில் குன்னூரும் கோத்தகிரியும் கிழக்கைப் பார்த்த சரிவில் இருக்கின்றன. அங்கே வடகிழக்கு மழைக்குத்தான் பயப்படுவார்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து பல உயிர்கள் போனது அந்தப் பக்கம்தான். ஒரே மலை, இரண்டு பக்கம், இரண்டு மழைக்காலம். இதை யாராவது ஒருமுறை எடுத்துச் சொல்லியிருந்தால், அவள் கண்ணால் பார்த்ததும் புத்தகமும் சண்டை போட்டிருக்காது. தேர்வில் தமிழ்நாடு என்று கேட்டால் வடகிழக்கு என்றே எழுதட்டும். நீலகிரியின் மேற்குச் சரிவு என்று கேட்டால் தென்மேற்கு. இரண்டும் சரியான விடைகள்.

முடிந்தால் ஒரு நாள் தெப்பக்காடு வழியாக மசினகுடிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போங்கள். கூடலூர்ப் பக்கம் அடர்ந்து நிற்கும் காடு, கிழக்கே போகப் போக மெலிந்து, மசினகுடியில் முட்புதராகிவிடும். மழைக்காற்றை மலை தடுத்துவிடுவதால் மழை குறையும் மழை மறைவுப் பகுதி என்பது அதுதான். ஊட்டிக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்று புத்தகம் சொல்கிறது. கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர், ஊட்டி 2,200க்கு மேல். எத்தனை டிகிரி குறைய வேண்டும் என்று அவளே கணக்குப் போடட்டும்.

வரலாற்று ஆண்டுகளை மொத்தமாக உருப்போட வேண்டாம். தெரிந்த இடத்தோடு சேர்ந்த ஐந்தாறு ஆண்டுகளை முதலில் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றுக்கு முன்னும் பின்னும் வைத்தால் போதும். 1799இல் திப்பு விழுந்தார், நீலகிரி கம்பெனி கைக்குப் போனது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால் பிரெஞ்சுப் புரட்சி. 1908இல் மலை ரயில் ஊட்டியை எட்டியது. ஆறு ஆண்டுகளில் முதல் உலகப்போர். 1929இல் பொருளாதாரப் பெருமந்தம், மூன்று ஆண்டுகள் கழித்து 1932இல் நீலகிரியின் பைக்காராவில் நீர்மின் உற்பத்தி. ஊட்டி ரோட்டில் நடுவட்டத்தைத் தாண்டும்போது சின்கோனாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1860களில் ஆங்கிலேயர் அந்த மரத்தை இங்கே நட்டது மலேரியாவுக்குக் கொயினா எடுக்கத்தான். அந்த மருந்து இல்லாமல் ஆப்பிரிக்காவின் உள்பகுதிக்குள் ஐரோப்பியர் அவ்வளவு சுலபமாகப் போயிருக்க முடியாது. காலனி ஆதிக்கப் பாடம் அவளுக்கு அங்கிருந்தே தொடங்கும்.

1964ஐ மட்டும் வீட்டிலேயே கேட்கலாம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள் பற்றி நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்ட ஆண்டு. அதன் பேரில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தரத்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. உங்கள் லைனில் அப்படி வந்த பாட்டி ஒருவராவது இருப்பார். பிள்ளையை அவரிடம் உட்காரவைத்துக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பள்ளிக்கூடம் செய்ய வேண்டும். ஆனால் ஆசிரியரைத் தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் அனுப்பிவிட்டு, சுவர் வரைபடத்தைப் பீரோவில் பூட்டிவைத்தால் யார் செய்வது? ஜூலை, ஆகஸ்டில் கூடலூர், பந்தலூரில் மழை விடுமுறையாகவே நாட்கள் போகின்றன. காலாண்டுத் தேர்வோ சமவெளிப் பள்ளிகளுக்கு வரும் அதே செப்டம்பரில் வந்து நிற்கிறது. பல ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. மழைக்கேற்றபடி அட்டவணை போட இன்னும் மனம் வரவில்லை.

அதனால் விடுமுறையில் எந்தெந்தப் பாடம் விட்டுப்போனது என்று மகளிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள். இன்னொன்று: பாடத்தில் ஒரு பக்கத்தை அவள் சத்தமாகப் படிக்கட்டும், பக்கத்தில் இருந்து கேளுங்கள். எழுத்துக் கூட்டியே தடுமாறினால் பிரச்சினை சமூக அறிவியலில் இல்லை, வாசிப்பில். அதையும் சேர்த்து ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.