நான்கு கணினிகளின் நெட்வொர்க் கார்டுகளைச் சேர்த்து ஒரே அப்ளிகேஷனுக்குக் கொடுக்க முடியுமா? வேகம் கூடுமா?

நான்கு கணினியிலும் ஒரு ஜிகாபிட் கார்டு இருக்கிறது, சேர்த்தால் பில்லிங் அப்ளிகேஷனுக்கு நாலு ஜிகாபிட் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணினி வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். அது நடக்காது.

பக்கத்துக் கணினியின் கார்டை இரவல் வாங்குவதாகவே வைத்துக்கொள்வோம். டேட்டா அங்கே போய்ச் சேர உங்கள் கார்டு வழியாகத்தானே போக வேண்டும்? பெரிய டேட்டா சென்டர்களில் பிசிஐஇ சுவிட்ச் (கார்டு செருகும் இணைப்பைப் பல கணினிகளுக்குப் பகிரும் கருவி) வைத்துக் கார்டுகளைப் பகிர்வதுண்டு. நம் ஆபீஸுக்கு அது ஆகிற சரக்கு இல்லை.

இன்னொரு சிக்கல், டிசிபி இணைப்பு, அதாவது இரண்டு கணினிகள் வரிசை மாறாமல் டேட்டாவைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு, எங்கே இருக்கிறது என்பது. இரு பக்க ஐபி முகவரி, போர்ட் எண், எந்த பைட் வரை வந்து சேர்ந்தது என்கிற வரிசை எண் எல்லாம் அந்தக் கணினியின் கெர்னலில், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியில்தான் இருக்கும். மீன் ஏலத்தில் ஒரு வியாபாரியின் வரவு செலவு ஒரு கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருப்பது மாதிரி. பாதிக் கணக்கில் அந்த வியாபாரி அடுத்த கணக்குப்பிள்ளையிடம் போய் நின்றால், "நீங்க யாருண்ணே?" என்றுதான் கேட்பார். அதே ஐபியை இரண்டாவது கணினிக்கும் கொடுத்து, பாக்கெட்டை (டேட்டாவின் சிறு துண்டை) நடுவழியில் அங்கே திருப்பினால் இதுதான் நடக்கும். தெரியாத இணைப்பு என்று ரீசெட் அனுப்பி அறுத்துவிடும்.

அதனால் கார்டை விட்டுவிட்டு இணைப்புகளைப் பங்கு போட வேண்டும். முன்னால், வரும் இணைப்புகளைப் பிரித்து அனுப்பும் ஹெச்ஏப்ராக்ஸி போன்ற லோட் பேலன்சர் ஒன்று, பின்னால் அதே அப்ளிகேஷன் ஓடும் இரண்டு மூன்று கணினிகள். புதிதாக வரும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு கணினிக்குப் போகும், முடியும் வரை அங்கேயே இருக்கும். லாகின் விவரத்தை ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக வைத்திருந்தால், ஒரே ஆளைத் திரும்பவும் அதே கணினிக்கே அனுப்பும்படி அமைக்க மறக்காதீர்கள். மறந்தால் பில் போடும் பையன் பாதியில் வெளியே தள்ளப்படுவான். எங்களிடம் தள்ளப்பட்டான்.

ஒரே கணினியில் இரண்டு கார்டு போட்டு, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இயக்கும் பாண்டிங் செய்யலாம். அதில் ஒரு வகையான லிங்க் அக்ரிகேஷன் முறையில் ஒரு இணைப்பு ஒரு கார்டிலேயே ஓடும், பாக்கெட் வரிசை குலையாமல் இருக்க. ஆகவே பத்துப் பேர் வேலை செய்யும்போது பலன் தெரியும், ஒரே பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது தெரியாது. ஒரே இணைப்பைப் பல பாதையில் பிரிக்க மல்டிபாத் டிசிபி இருக்கிறது, லினக்ஸ் கெர்னலில் 2020இல் 5.6 பதிப்பிலிருந்து படிப்படியாக வந்தது. இரண்டு முனையும் அதை ஏற்க வேண்டும், அப்ளிகேஷனும் அதைப் பயன்படுத்தும்படி அமைந்திருக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒன்று. எங்கள் சர்வர் மெதுவானதற்குக் காரணம் கார்டே இல்லை. உப்புக்காற்றில் கேபிள் முனையின் ஒரு உலோகப் பின் பச்சை பூத்துக் கிடந்தது. ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு போதும். கார்டு சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ் என்றால் ஈத்டூல் கமாண்ட், விண்டோஸ் என்றால் நெட்வொர்க் ஸ்டேட்டஸ், திறந்து வேகத்தைப் பாருங்கள். 100 என்று காட்டினால் முனையை வெட்டிவிட்டுப் புதுசு போடுங்கள்.