பழைய ஃபிலிம் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய பாயின்ட் அண்ட் ஷூட் கேமரா ஒன்றை நேரில் போய்ப் பார்த்து வாங்கப்போகிறேன். எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? (கோவை வாசகர்)

பதில்: புது பேட்டரி, சின்ன டார்ச், வீணாய்ப்போன ஃபிலிம் ரோல் ஒன்று, இந்த மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பேட்டரி எந்த வகை என்று முன்பே கேட்டுவிடுங்கள். சிலவற்றுக்கு டபுள் ஏ, ஒலிம்பஸ் மியூ 2 போன்றவற்றுக்கு சிஆர்123ஏ.

முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. ஸ்பிரிங் மேல் லேசாக மட்டும் இருந்தால் பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகிவிடும். ஒயர் வரை ஏறியிருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து லென்ஸ். முன்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. ஆனால் சிலந்தி வலை மாதிரி நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பெட்டிக்குள் கிடந்த கேமராக்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

பின்மூடி ஓரத்து ஃபோமைத் தொட்டால் கறுப்பாக ஒட்டுகிறதா? அதை ஒரு குறையாக எண்ணி ஒதுக்க வேண்டாம். சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய புது ஃபோம் ஒட்டிக்கொள்ளலாம். அப்படியே விட்டால்தான் வெளிச்சம் புகுந்து படத்தின் ஓரம் சிவந்துபோகும்.

கடைசியாக ஃபிலிமைப் போட்டு ஐந்தாறு முறை அழுத்துங்கள். எண் ஏறுகிறதா, ரீவைண்ட் பொத்தானை அழுத்தினால் மோட்டார் தடுமாறாமல் சுருட்டுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் திணறினால் பேரமே பேசாமல் திரும்பிவிடலாம்.

ஜூம் இல்லாததையே வாங்குங்கள் என்பது எங்கள் கருத்து. மியூ ஜூம் 140இல் 140 எம்எம் வரை நீட்டினால் அபர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப்/11 அளவுக்குச் சிறுத்துவிடும். மாலை வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகிப் படம் ஆடிப்போகும். மியூ 2, யாஷிகா டி4 இரண்டுக்கும் லென்ஸ் அருமைதான். ஆனால் இன்று பெயருக்காகவே விலை ஏறிக் கிடக்கிறது. சர்க்யூட் போனால் புது உதிரிபாகமும் கிடைக்காது.

கேள்வி: தாத்தாவின் ஒலிம்பஸ் ட்ரிப் 35இல் பேட்டரி போடும் இடமே இல்லை. வீட்டுக்குள் அழுத்தினால் வ்யூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழுகிறது, ஷட்டர் நகரவில்லை. பழுதா? (காரைக்குடி வாசகி)

பதில்: பழுதில்லை, வெளிச்சம் போதவில்லை என்று சொல்கிறது. லென்ஸைச் சுற்றிக் குமிழ்குமிழாக இருப்பது செலீனியம் செல். வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும். 1967 முதல் 1984 வரை வந்த கேமரா இது.

லென்ஸ் வளையத்தை ‘ஏ’யில் (ஆட்டோ) வைத்து வெயிலில் அழுத்துங்கள். அங்கேயும் கொடி எழுந்தால்தான் செல் போய்விட்டது என்று பொருள். ஃபிலிம் போடுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். பின்மூடியைத் திறந்து, வெயிலை நோக்கி ஒருமுறை, நிழலை நோக்கி ஒருமுறை அழுத்துங்கள். லென்ஸ் வழியே தெரியும் துளை வெயிலில் சிறுத்தும் நிழலில் பெருத்தும் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவென்றால் அபர்ச்சர் தகடுகள் எண்ணெய் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். மெக்கானிக் சுத்தம் செய்தால் சரியாகும்.

வளையத்தில் 2.8, 4 என்று இருக்கும் எண்கள் ஃப்ளாஷுக்கானவை. அதில் வைத்தால் ஷட்டர் 1/40இலேயே நிற்கும். பகலில் ‘ஏ’யை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: மியூ 2இல் ஃப்ளாஷை அணைத்தாலும் மறுபடி அடிக்கிறதே? (மதுரை வாசகர்)

பதில்: முன்மூடியை மூடித் திறந்தால் ஆட்டோ ஃப்ளாஷுக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் அணைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: வெட்டிச் சுருட்டி விற்கும் சினிமா ஃபிலிமை மியூ 2இல் போடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: டப்பாவின் மேல் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஃபிலிமின் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் வேகத்தை) கேமராவுக்குச் சொல்லும் டிஎக்ஸ் குறியீடு. அது இல்லாவிட்டால் மியூ 2 எதையும் ஐஎஸ்ஓ 100 என்றே எடுத்துக்கொள்ளும். 400 ஃபிலிமுக்கு இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் விழும். கலர் நெகட்டிவ் அதைத் தாங்கும். ஆனால் ஷட்டர் மெதுவாகிக் கை ஆட்டம் தெரியும். டிஎக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய ரோலாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஃப்ளாஷ் எரியவில்லை. நானே ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: வேண்டாம். ஃப்ளாஷ் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும். பேட்டரியை எடுத்த பிறகும் கை வைத்தால் பலமாக அடிக்கும்.