பிக்கப் காலியாக வரும்போது தூக்கித் தூக்கிப் போடுகிறது. பின்பட்டையை மாற்றினால் சரியாகுமா?

கேள்வியின் சாரம் இது: உசிலம்பட்டிப் பக்கமிருந்து மாட்டுத்தாவணிக்கு விடியற்காலையில் பூ மூட்டை, திரும்பும்போது காலி வண்டி, எப்போதாவது ஒரு நடை சிமெண்ட். ஒன்றரை டன் பிக்கப், பின்னால் ஆக்சில் மேல் வண்டியைத் தாங்கும் வில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) பக்கத்துக்கு ஏழு. காலியாக வரும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பு கழன்றுவிடுகிறது. ஒரு மெக்கானிக் இரண்டு பட்டையை உருவிவிடலாம் என்கிறார், இன்னொருவர் செட்டையே மாற்றச் சொல்கிறார்.

உருவ வேண்டாம். செட்டை மாற்றலாம். ஆனால் இப்போது இருப்பது போலவே இன்னொரு செட்டை வாங்கிப் போட்டால் காசு போகும், குலுக்கல் பெரிதாகப் போகாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்துப் பட்டை அடுக்கு முழுவதும் சேர்ந்து 12 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி வண்டியில் ஒரு பக்கப் பட்டை மேல் 250 கிலோ உட்கார்ந்தால் பட்டை சுமார் 21 மி.மீ.தான் அமுங்கியிருக்கும். அந்த நிலையில் வண்டியின் பின்பக்கம் நொடிக்கு மூன்றரைத் தடவை ஆடும். அதே வண்டியில் ஒன்றரை டன் ஏற்றி, ஒரு பக்க அடுக்குக்கு 950 கிலோ வந்தால் 79 மி.மீ. அமுங்கும், ஆட்டம் நொடிக்கு 1.8 தடவைக்கு இறங்கிவிடும். கார்களில் இது 1 முதல் 1.5 வரை இருக்கும். லோடு ஏற்றினால் வண்டி சுகமாகப் போகிறது, இறக்கினால் உதைக்கிறது என்று டிரைவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். பட்டை கெட்டுப்போகவில்லை, உங்கள் லோடுக்கு அது அளவு மீறிய பட்டை. பூ மூட்டை இடத்தைத்தான் அடைக்கும், எடை காட்டாது.

அப்படியானால் இரண்டு பட்டையை உருவினால் என்ன? விறைப்பு குறையும், உண்மைதான். ஒரே தடிமனுள்ள ஏழில் இரண்டை எடுத்தால் விறைப்பு ஏறக்குறைய 29 சதவீதம் குறையும். ஆனால் மீதி ஐந்து பட்டைகளில் ஒவ்வொன்றும் தாங்கும் அழுத்தம் அதே லோடில் 40 சதவீதம் கூடும். சிமெண்ட் நடையன்று அது தெரியும். பட்டைகளின் வளைவும் ஒன்றுபோல் இருக்காது. கீழே போகப் போக வளைவு கூடுதலாக வைத்து, இறுக்கும்போது ஒன்றையொன்று நெருக்கும்படி செய்திருப்பார்கள். இரு முனையிலும் வளையம் போன்ற கண் உள்ள மேல் பட்டைதான் மெயின் பட்டை; அதற்கு நிம்மதி கிடைப்பது அந்த நெருக்கத்தால்தான். நடுவில் ஒன்றை எடுத்தால் அது கெடும். இரண்டாவது பட்டையை எடுத்தால் இன்னும் மோசம்: பிரேக் பிடிக்கும்போதும் கிளட்ச் விடும்போதும் ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் மெயின் பட்டைக்குத் துணை நிற்பது அதுதான். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. 8 மி.மீ. பட்டை இரண்டு போய் அடுக்கு 16 மி.மீ. மெலிந்துவிட்டால், அடுக்கை ஆக்சிலோடு கட்டும் பழைய யூ போல்ட்டின் மரை அதற்குப் போதாது. நட் மரை முடியும் இடத்தில் முட்டி நிற்கும், இறுகிவிட்டது போலக் கைக்குத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது.

மேலூர்ப் பக்கம் கல் ஏற்றுகிறவர்கள் இதற்கு நேர்மாறாக ஒரு பட்டை சேர்க்கச் சொல்வார்கள். அதுவும் வீண் ஆசை. பட்டை சேர்த்தால் ஆக்சில், ஹப் பேரிங், பிரேக், டயர் எதுவும் பெரிதாகிவிடாது, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் மாறாது. 2019 திருத்தத்துக்குப் பின் அதிக லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

பட்டைக்குக் காசு கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள், பாதிக் குலுக்கல் இங்கேயே தீரலாம். முதலில் காற்று. லோடுக்கு அடித்த காற்றோடு காலி வண்டியை ஓட்டினால் டயரே கல்லாகிவிடும். கையேட்டில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு கொடுத்திருந்தால் அதன்படி மாற்றுங்கள். அடுத்து துரு. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வேண்டும். இடையில் துருவும் மண்ணும் அடைத்துவிட்டால் சின்னப் பள்ளத்துக்குப் பட்டை அசையவே அசையாது, முழு அதிர்ச்சியும் சேஸிஸுக்குப் போகும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் சேறு பட்டைக்குள் புகுந்து காய்ந்தால் சிமெண்ட் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். பட்டை முனைகளில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் திண்டு தேய்ந்து போயிருந்தால் கிறீச் சத்தமும் வரும். பிறகு ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைத்து ஆடவிடும் இணைப்பு), அதன் புஷ்: காலி வண்டியில் ஒருவர் பின்பக்கத்தை அமுக்கி ஆட்ட, இன்னொருவர் ஷேக்கிள் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடவில்லை என்றால் ஷேக்கிள் பின் (ஊசி) இறுகிப் போயிருக்கிறது. கடைசியாக ஷாக் அப்சார்பர்: எண்ணெய் கசிந்திருந்தாலோ, வேகத்தடை தாண்டிய பிறகு பின்பக்கம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தாலோ அதை மாற்றுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் உதைத்தால் பட்டைக்கு வாருங்கள். முதல் வேலை எடை மேடை. வண்டியின் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி மூன்று தடவை எடை போடுங்கள்: காலியாக, பூ லோடோடு, நீங்கள் ஏற்றும் அதிகபட்ச லோடோடு. பட்டறைக்காரரிடம் ‘சாஃப்ட்டா போடுங்க’ என்று சொல்வதைவிட இந்த மூன்று எண்ணையும் கொடுப்பது மேல்.

உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு கட்டப் பட்டைதான் பொருந்தும். மேல் அடுக்கு மெலிதாக, 7 கிலோவுக்கு 1 மி.மீ. அளவில், அதற்குக் கீழே இடைவெளி விட்டு, லோடு ஏறினால் மட்டும் துணைக்கு வரும் ஹெல்பர் பட்டை. காலியில் 36 மி.மீ. அமுங்கும், ஆட்டம் நொடிக்கு 2.6 தடவையாகக் குறையும். நானூறு கிலோ பூவோடு ஹெல்பரைத் தொடாமலே போகலாம். முப்பது மூட்டை சிமெண்ட் ஏற்றினால், அதாவது 1,500 கிலோ, மேல் அடுக்கு மட்டும் என்றால் 136 மி.மீ. இறங்கி ஆக்சில் ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கும். 70 மி.மீ.யில் ஹெல்பர் தொட்டு இன்னொரு 8 கிலோ விறைப்பைச் சேர்த்தால் 100 மி.மீ. அளவில் நின்றுவிடும். இந்த எண்கள் மேலே வைத்துக்கொண்ட எடைக்கானவை. உங்கள் எடைமேடைச் சீட்டை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பாரபோலிக் பட்டை உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதையும் பார்க்கலாம். நடுவில் தடித்து முனைக்குப் போகப் போக மெலியும் இரண்டு மூன்று பட்டைதான். ஒன்றையொன்று உரசாததால் சின்னப் பள்ளத்துக்கே அசைந்து கொடுக்கும். ஒரே குறை, இருப்பதே இரண்டு மூன்று என்பதால் ஒன்று உடைந்தால் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டியதுதான்.

தடிமனில் மட்டும் ஏமாறாதீர்கள். விறைப்பு தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் போகும், 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. போட்டாலே அந்தப் பட்டையின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போது அகலம், ஒவ்வொரு பட்டையின் தடிமன், கண்ணுக்குக் கண் நீளம், முன் கண்ணிலிருந்து சென்டர் போல்ட் (பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்) வரை உள்ள தூரம், கண்ணின் உள்விட்டம், வளைவின் உயரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். சென்டர் போல்ட் சரிபாதியில் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். பழைய பட்டையைச் சுத்தியலால் அடித்து வளைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டை எஃகைச் சூளையில் 850 டிகிரிக்கு மேல் சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதமேற்றினால்தான் வளைவு நிற்கும். கேஸ் வெல்டிங் சூட்டில் வளைத்தால் பதம் போய்விடும். விரிசல் விட்ட பட்டையை வெல்டு வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மாட்டும் வேலைக்கு வருவோம். இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பட்டை செட்டோடு நான்கு புது யூ போல்ட், அவற்றுக்குப் புது நட், எல்லா புஷ், ஷேக்கிள் பின் வாங்குங்கள். ஒரு தடவை இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி அதே பிடிப்பைத் தராது. முந்தின நாளே நட்களில் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆக்சில் நடுவிலிருந்து சேஸிஸ் வரை உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸைத் தூக்கி, முன் பிராக்கெட்டுக்கு முன்னால் ஸ்டாண்டு வைத்துவிட்டு, ஆக்சிலைத் தனி ஜாக்கியில் தாங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள், ஆக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அடுக்கைப் பிரிப்பதானால் சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் வலுவான கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இறுக்கத்தில் இருக்கும் பட்டை தெறித்தால் கை போகும்.

புதுப் பட்டையில் முன் கண்ணை முதலில், ஷேக்கிளை அடுத்து மாட்டுங்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் திண்டின் குழியில் முழுதாக உட்கார வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த நிலையில் யூ போல்ட்டை இறுக்கினால் கொஞ்ச நாளில் தலை அறுந்து ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். யூ போல்ட்டின் நான்கு நட்களையும் குறுக்கு வரிசையில், மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். நட் இறுக்கும் காற்றுத் துப்பாக்கியை இங்கே ஒதுக்கிவிடுங்கள். ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட், ஷேக்கிள் போல்ட் இரண்டையும் மட்டும் வண்டி தரையில் நின்ற பிறகு கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும்; சவாரியும் விறைப்பாகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

பல பிக்கப்களில் பின் பிரேக்குக்கு லோடு பார்க்கும் வால்வு ஒன்று சேஸிஸில் இருக்கும். அதன் கம்பி ஆக்சிலோடு இணைந்திருக்கும். மெலிந்த பட்டையால் பின்பக்கம் பழைய உயரத்தைவிட இறங்கினால் காலி வண்டியையே லோடு வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் கொடுக்கும்; மழையில் சக்கரம் பூட்டிச் சறுக்கும். உயர்ந்தால் லோடில் பிரேக் குறையும். எழுதிவைத்த உயரத்தோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் கம்பியைக் கையேட்டின்படி சரிசெய்யுங்கள். உயரம் மாறினால் ஹெட்லைட் குறியும் மாறும். கிளம்பும்போது அடியில் அதிர்வு வந்தால், ஆக்சில் கோணம் மாறி, எஞ்சின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வளைந்த கோணத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

முதல் லோடு ஏற்றி இறக்கிய பிறகு ஒரு தடவை, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை யூ போல்ட் நட்களை மறுபடி டார்க் வையுங்கள். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று படிய இவ்வளவு ஓட்டம் தேவைப்படும். அப்போதே முன் கண் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சில் நடு வரை இரு பக்கமும் டேப் வைத்துப் பாருங்கள். மாட்டியபோது சமமாக இருந்த அளவு இப்போது 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஒரு பக்க சென்டர் போல்ட் உட்காரவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்காமல் லோடு ஏற்ற வேண்டாம்.